ஒரே நீலம்

போலீஸ்காரர் பிளாஸ்டிக் பையிலிருந்து சட்டையை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

"தண்டவாளத்துல கிடந்தவர் போட்டிருந்ததும்மா. முகத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரர் சட்டையான்னு பாத்துச் சொல்லுங்க."

நீலம். அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் நீலம்தான்.

அதனால் என்ன? இதே நீலத்தில் நாற்பதாயிரம் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறார்கள். யார் யாரோ போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கணவன் வீடு திரும்பாத நாலாம் நாள், தண்டவாளத்தில் நீலச் சட்டை என்று தகவல் வந்ததிலிருந்து அந்த நாற்பதாயிரம் பேரைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நிறத்தில் இம்மி பிசகினாலும் கண்டுபிடித்து ஒதுக்குவது பதினோரு வருடமாக அவள் வேலை. கணவனின் சட்டையும் அப்படி அவளே ஒதுக்கியதுதான். இடது கை மட்டும் வேறு ரோல் துணி. ஒரு சொட்டு அடர்த்தி கூடுதல்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கோளாறு சட்டையில் இல்லை, உன் கண்ணில்தான் என்று சிரித்தான்.

சண்டை போட்ட அன்றும் அதைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்பினான். போய்த் தொலை என்று சொன்னது அவள்தான்.

டியூப் லைட்டில் இரண்டு கையும் ஒன்றாகவே தெரிந்தன. டியூப் லைட்டை நம்பாதீர்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். இன்று அதை நம்பிவிட்டு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

சட்டையைக் கையில் எடுத்தாள். கால்கள் பழக்க தோஷத்தில் ஜன்னலுக்குப் போயின.

நல்ல வெயில். சட்டையின் இரண்டு கைகளையும் ஒட்டி வைத்தாள். ஒன்றாக இருக்கட்டும். கடவுளே, ஒன்றாகவே இருக்கட்டும்.

போலீஸ்காரரும் வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு அது வெறும் நீலம்.

வெளியே பெஞ்சில் இருந்த மாமியாருக்கும் கேட்கட்டும் என்று அவள் சத்தமாகவே சொன்னாள்.

"அவர் சட்டையில இடது கை கொஞ்சம் டார்க்கா இருக்கும் சார். இதுல ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு. இது அவரோடது இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். சட்டையைச் சுருட்டிப் பையில் திணிக்கப் போனார்.

அவள் வாங்கிக்கொண்டாள். பொத்தான்களைப் போட்டாள். காலரை நீவிவிட்டாள். ஒரு சொட்டு அடர்த்தியாக இருந்த இடது கையை உள்ளே வைத்து, வெளியே தெரியாதபடி மடித்துக் கொடுத்தாள்.