பட்டு தெரியாதவள்

"பேர் என்னம்மா?"

"அந்தூசா."

"ஊர்?"

"தீப்ஸ்."

கோஸ்மாஸ் எழுதிக்கொண்டான். பலெர்மோ துறைமுகக் கொட்டகையில் காலையிலிருந்து அவன் எழுதும் முப்பத்தேழாவது பெயர் அது. வாசலுக்கு நேரே, கிரேக்க நாட்டுக்குப் புறப்படும் கப்பல் நின்றிருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டுத் தீப்ஸ் நகரத்திலிருந்து இவர்களை அள்ளிக்கொண்டு வந்தது பெரிய ராஜா ரோஜரின் படை. சின்ன வயதில் அப்பாவை இழந்து, அம்மாவின் பொறுப்பில் வளர்ந்து, ஒரு கிறிஸ்துமஸ் அன்று முடிசூடிய நார்மன் ராஜா அவர். கிரேக்கன், அரபுக்காரன் என்றெல்லாம் பார்க்க மாட்டார். கெட்டிக்காரன் எவனானாலும் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அவருக்குப் பட்டு நெய்கிறவர்களும் வேண்டியிருந்தார்கள். அவர் கண்ணை மூடி நாலு வருஷமாகிறது. இப்போது மகன் ராஜா கிரேக்கர்களோடு சமாதானம் செய்துகொண்டார். பிடித்து வரப்பட்டவர்கள் ஊர் திரும்பலாம். பட்டு நெய்யத் தெரிந்தவர்கள் மட்டும் போகக் கூடாது.

தெரிந்தவளைத் தெரியாதவள் என்று எழுதினால், எழுதியவனின் கை போய்விடும்.

அதைக் கவனிக்கத்தான் ஒஸ்மோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நார்மன்காரர், பட்டுக்கூடத்தின் மேற்பார்வையாளர். பெரிய ராஜா இருந்திருந்தால் இதில் ஒருத்தியையும் விட்டிருக்க மாட்டார் என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை தெரியும்?" என்று அவரே கேட்டார்.

"சமையல்ங்க ஐயா. வந்ததுலேர்ந்து மூணு வருஷம் ஒரு பிரபு வீட்டு அடுப்படி. அப்புறம் கல்யாணம் ஆயிடுச்சு."

"புருஷன் இருக்கானா? பின்னே எதுக்குப் போறே?"

அந்தூசா மெதுவாகச் சொன்னாள். அங்கே அவளுக்கு ஒரு மகள். தகப்பன் இல்லாத பிள்ளை. பக்கத்து ஊரில் அக்கா வீட்டில் விட்டிருந்த அன்றுதான் படை வந்தது. அப்போது மூன்று வயது. உயிரோடு இருக்கிறாள் என்று போன வருஷம்தான் ஒரு வியாபாரி மூலம் சேதி வந்தது. இப்போது பதினாலு நடக்கும். எதிரே வந்து நின்றால்கூட அடையாளம் தெரியாது.

"கனவுல இன்னும் மூணு வயசுப் பிள்ளையாத்தான் வரா. தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவா. நான் தூக்கறதுக்குள்ள முழிப்பு வந்துடும்."

ஒஸ்மோன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புருஷன் விட்டானா?"

"அவர்தான் போகச் சொன்னார்."

"ஏறினா திரும்பி வர வழியில்லை. அந்த மடையனுக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

ஒஸ்மோன் சிரித்துக்கொண்டே கோஸ்மாஸைப் பார்த்தார். கோஸ்மாஸும் சிரித்து வைத்தான். "தெரிஞ்சே அனுப்பறான்னா பெரிய மடையனாத்தான் இருப்பான்" என்றான்.

அடுத்தது சோதனை. அறுந்த பட்டு இழையின் இரண்டு நுனிகளையும் ஒஸ்மோன் அவளிடம் கொடுத்து, முடிச்சுப் போடச் சொன்னார். அந்தூசா வாங்கினாள். பட்டு தெரியாத பெண்கள் எல்லாரும் இழையைக் கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்தார்கள். இவள் விரல்கள் ஒரு கணம் அதைப் பூப்போல ஏந்தின. சட்டென்று சுதாரித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தாள். இழை நழுவியது. மறுபடி முடிந்தாள், முடிச்சு மொத்தையாக, கோணலாக விழுந்தது.

அந்த ஒரு கணத்தைக் கோஸ்மாஸ் பார்த்துவிட்டான். ஒஸ்மோனும் பார்த்துவிட்டார்.

"கையைக் காட்டு" என்றார். ஆள்காட்டி விரலில் வரிவரியாகத் தழும்புகள். "இது இழை அறுத்த தழும்பு மாதிரி இருக்கே. நீ என்ன சொல்றே கோஸ்மாஸ்?"

கோஸ்மாஸ் எட்டி, அந்தக் கையை வாங்கிப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான்.

"கத்திக் காயம்ங்க ஐயா. வெங்காயம் நறுக்கறவங்க கை இப்படித்தான் இருக்கும். என் வீட்டுக்காரி விரலும் அச்சு அசல் இதேதான்."

ஒஸ்மோன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு சலித்துக்கொண்டு கையை அசைத்தார்.

"சரி, எழுது."

'சமையல்காரி. பட்டு தெரியாது.' என்று கோஸ்மாஸ் எழுதினான். மை உலரும்வரை காத்திருந்து, சீட்டை அவளிடம் நீட்டினான்.

"கடல்ல குளிரும். போர்வை ஏதாவது வச்சிருக்கியாம்மா?"

"இருக்குங்க. வீட்டுல நேத்தே எடுத்து மடிச்சு வச்சுக் கொடுத்தாங்க."

"அப்ப சரி. பத்திரமாப் போ."

அவள் அவனைக் கும்பிட்டாள். ஏதோ சொல்ல வந்தவள், ஒஸ்மோன் பக்கம் பார்த்துவிட்டு, "நல்லா இருங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

இன்னும் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நாலு பேரை ஒஸ்மோன் பட்டுக்கூடத்துக்கே திருப்பி அனுப்பினார். ஒருத்தி வாசல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாம் முடிந்ததும் நங்கூரத்தை இழுத்தார்கள். கப்பல் நகர்ந்தது. கோஸ்மாஸ் வாசலில் போய் நின்றான்.

"என்ன, உனக்கும் ஏறிப் போக ஆசையா?" என்றார் ஒஸ்மோன்.

"அரண்மனை எழுத்தனைத் தீவை விட்டு யாருங்க அனுப்புவாங்க?"

"அதுவும் சரிதான். வீட்டுக்குக் கிளம்பு. பொழுது விடியறதுக்கு முன்னாடி வந்தவன் நீ. உன் வீட்டுக்காரி சமைச்சு வச்சுக் காத்துட்டிருப்பா."

கோஸ்மாஸ் தலையாட்டினான்.

எட்டு வருஷமாகச் சமைத்து வைத்து அவனுக்காகக் காத்திருந்தவள், கப்பலின் கடைசியில் நின்றுகொண்டு, கரைப் பக்கம் திரும்பிவிடாமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.