வெள்ளித் தகட்டில் சந்தனம்

மாதுங்கா ஃப்ளாட்டில் சரஸ்வதி பூஜை. ஜகந்நாதனின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரனிடம் பரிசு வாங்கிய கைத்துப்பாக்கி, அடுக்கிய புத்தகங்களின் மேல் கிடக்கிறது. வருஷா வருஷம் வைத்த சந்தனம், பிடியில் பதித்த வெள்ளித் தகட்டை மூடி இறுகிப்போயிருந்தது. இன்றுதான் அவர் மனைவி ஷ்யாமளா விபூதி போட்டுத் தேய்த்துவிட்டாள். யுத்த நாளில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னலில் ஒட்டிய கறுப்புத்தாள் கிழிந்த இடத்தில் வெயில் நுழைந்து தகட்டில் விழுகிறது. செதுக்கிய இங்கிலீஷ் எழுத்துக்கள் தெரிகின்றன. "ஏன்னா, புலியைச் சுட்டதுக்குக் குடுத்தான்னு தானே எல்லார்கிட்டயும் சொல்வேள்? கலகக்காரா ஒளிஞ்சிண்டிருந்த எடத்தைக் காட்டிக் குடுத்ததுக்குன்னு போட்டிருக்கே!" ஜகந்நாதன் குனிந்து படிக்கிறார். காது மடல் சிவக்கிறது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வருகிறது; ஆபீஸ் சிநேகிதர்கள், புலிக்கதை கேட்கக் குழந்தைகளோடு வருகிறார்கள். "என்ன சொல்லப் போறேள்?" அவர் கிண்ணத்துச் சந்தனத்தை அள்ளித் தகடு முழுக்க அப்புகிறார். ஈரச் சந்தனம் புத்தகங்களின் மேல் வழிகிறது. பதறிப்போய்த் துண்டால் துடைக்கிறார். பள்ளங்களில் மட்டும் சந்தனம் தங்கிவிட, பளபளக்கும் வெள்ளியில் ஒவ்வொரு எழுத்தும் முன்னைவிடத் தெளிவாக, மஞ்சளாய் நிற்கிறது. அழைப்பு மணி அடிக்கிறது.