வீட்டிலிருந்தே படிக்கலாம்

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் முதல் பட்டதாரியான ஆனந்தி, செல்போனிலிருந்து நிமிர்ந்தாள்.

“எம்.ஏ. பொருளாதாரம். கோயம்புத்தூர்னா ஹாஸ்டல்ல தங்கணும். தபால்ல படிச்சா ஃபீஸ் கால்வாசிதான். ஆனா எனக்குக் காலேஜுக்குத்தான் போகணும்.”

“தபால்லயே படி தாயி. வீட்டுலயே இருக்கலாம்ல?” என்றாள் அம்மா முத்துப்பேச்சி.

“ஏன், வெளிய விட்டா எவன்கூடயாவது ஓடிருவேன்னு பயமா?”

அம்மா கொழுந்து எடுக்கையில் தான் கட்டும் சாக்கை எடுத்து மகளின் இடுப்பில் சுற்றிப் பார்த்தாள்.

“இது எதுக்கு?”

“அடுத்த மாசத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட்டு. வீட்டுல ஒரு ஆளாச்சும் கொழுந்து எடுக்கலைன்னா இந்த லயத்து வீட்டைக் காலி பண்ணணுமாம். உம்பேரைக் குடுத்துட்டேன்.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?” ஆனந்தி கத்தினாள்.

அம்மா சாக்கை முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

“கத்தாத. வீட்டுலருந்து படிக்கிறதுக்கு வீடு வேணும்ல?”