இரண்டாவது விலை

"என்னடா ராஜவேல், உங்கப்பா மண்டி வேலையை இங்கயும் காட்டுறியா?"

கையில் போண்டாவோடு நின்றவன் திருதிருவென்று முழித்தான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பின்னே? பெரம்பலூரில் இருக்கும் எங்கள் காலேஜுக்குச் சென்னையிலிருந்து பாலசுந்தரம் சாரை வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரிய கணிதப் பேராசிரியர். காலையில் ரேண்டம் கிராஃப், மத்தியானம் ஏலக் கணிதம் என்று பிரமாதமாகப் பேசினார். டீக்கு விடும்போது ஒரு லேப்டாப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"என்னோட பழசு. நல்லா ஓடும். இதை நிஜமாவே ஏலம் விடப்போறேன். டீ குடிச்சிட்டு வந்து, ஆளுக்கொரு சீட்டுல பேரையும் விலையையும் எழுதி மடிச்சுக் குடுங்க. அதிக விலை எழுதினவங்களுக்கு லேப்டாப். ஆனா அவங்க எழுதின விலையைக் கட்ட வேண்டாம். அதுக்கு அடுத்தபடியா இன்னொருத்தர் எழுதின விலையைக் கட்டினா போதும். காசு உங்க லைப்ரரிக்கு."

"குறைச்சு எழுதுனா லாபமா சார்?" என்றது பின்வரிசை.

"ஒரு லாபமும் இல்ல. மனசுல இருக்கிற விலையை எழுதறதுதான் நல்லது. ஒரே ஒரு ஆபத்து. எல்லாரும் முன்கூட்டியே பேசி வச்சுக்கிட்டா இந்த ஏலம் குட்டிச்சுவரு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, இந்த ராஜவேல் ஒவ்வொரு கும்பலிடமும் போய்க் காதைக் கடிக்கிறான்! குன்னத்தில் அவன் அப்பாவுக்குப் பருத்தி மண்டி. கூடிப் பேசி விலையை அமுக்க இவனுக்குச் சொல்லியா தரணும்?

"உனக்குத்தான் புது லேப்டாப் இருக்கேடா?"

"இருக்கு மேடம்..."

"அப்புறம் எதுக்கு இந்தப் பேராசை? உள்ள பாரு, வேணி டீகூடக் குடிக்காம போர்டைப் பார்த்து எழுதிக்கிட்டு இருக்கா."

வேணி எறையூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் ரேண்டம் கிராஃப். பத்தாயிரம் புள்ளி வைத்து, காசு சுண்டிப் பார்க்கிற மாதிரி, எதை எதோடு கோட்டால் இணைப்பது என்று முடிவு பண்ண வேண்டும். கையால் ஆகிற காரியமா? சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது; காலேஜ் கம்ப்யூட்டர் லேபையும் அஞ்சு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இருபது நாளில் கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. என் லேப்டாப்பைக் கொண்டு போ என்றேன். கிளாஸில் காசு போட்டு வாங்கித் தரோம் என்றார்கள். எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்: "இனாமா எதுவும் வேணாம் மேடம்." ரோஷக்காரி.

"மேடம், சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினான் ராஜவேல்.

"சொல்லாம விடுவேனா? ஏலம் முடியட்டும், உன்னைக் கவனிச்சுக்கறேன்."

அதற்குள் சார் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

இருபத்துமூணு சீட்டு. ஒவ்வொன்றாகப் பிரித்தவரின் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது.

"ஜெயிச்சது வேணி. ஆயிரத்து ஐந்நூறு எழுதியிருக்காங்க. அடுத்த விலை இருநூறு. இருநூறு கட்டும்மா, போதும்."

வேணி நம்பாமல் எழுந்து வந்தாள். "இது... இனாம் இல்லீங்களே சார்?"

"இல்லவே இல்ல. ஏலத்துல எடுத்தது."

பர்ஸிலிருந்து ரெண்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டினாள். லேப்டாப்பைக் கைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஹாலே கைதட்டியது. முதலில் தட்டியவன் ராஜவேல். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் சார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வேணியின் சீட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் மேஜையில் பரப்பினார்.

இருநூறு. இருநூறு. இருநூறு. ராஜவேல் சீட்டிலும் இருநூறு. இருபத்திரண்டிலும் அதேதான்.

சீட்டுகளை இன்னொரு தரம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"டீ டைம்ல யாரோ பேசி வச்சிருக்காங்க. நீங்க வெளியிலதானே நின்னீங்க மேடம், யாருன்னு பார்த்தீங்களா?"

வாசலில் ராஜவேல் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான்.

"சேச்சே! என் பசங்க அந்த மாதிரி வேலையெல்லாம் செய்யவே மாட்டாங்க சார்" என்றேன்.