லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆயிடுச்சுக்கா

“உன் புருஷனை வெளியே வரச் சொல்லு.”

பரீதா இரும்புக் கேட்டைப் பிடித்து உலுக்கினாள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிக்கொண்டாள்.

பரீதா சும்மா வரவில்லை. அன்று காலை டயாலிசிஸ் முடிந்து டாக்சியிலிருந்து இறங்கும்போது, அவள் கணவர் அப்துல் கஃபார் கால் மடங்கி விழுந்துவிட்டார். டாக்சிக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே “அங்கிள், ஓகே?” என்று கேட்டதோடு சரி.

நாலு வருஷமாக அவரைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தது ரகுபதி. அதே புளோக், ஒன்பதாவது மாடி. தேக்கா மார்க்கெட்டிலிருந்து சாப்பாட்டுக் கடைகளுக்குக் காய்கறி போடுகிறவன். சொந்த வேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் லோடை இறக்கிவிட்டு ஓடி வருவான். குழந்தையைத் தூக்குகிற மாதிரி கஃபார் பாயைத் தூக்கி சீட்டில் வைப்பான். பெட்ரோல் காசு கொடுத்தால் கோபம் வரும்.

பரீதாவின் மகன் அன்வர் பொங்கோலில் வீடு வாங்கிக் குடிபோன சனிக்கிழமைகூட அப்படித்தான். சாமான் ஏற்ற வேன் சாவியை அன்வர் கையில் கொடுத்துவிட்டு, இவன் பாயோடு டாக்சியில் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ் சென்டரில் உட்கார்ந்திருந்தான்.

அப்படிப்பட்டவன் ரெண்டு மாசம் முன்னால் ஒரு நாள் நின்றுவிட்டான்.

“லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆயிடுச்சுக்கா. ரினியூ பண்ணணும்.”

போன வாரம் லிஃப்டில் பார்த்தபோதும் அதே பேச்சு. முகத்தைப் பார்க்காமல், லிஃப்ட் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு.

பரீதா அன்வருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் சிரித்தான்.

“நம்ம ஊர் லைசென்ஸ் கிழவனாகுற வரைக்கும் எக்ஸ்பயர் ஆகாதும்மா. ரகு அங்கிளுக்கு ஐம்பதுகூட ஆகல. உங்களுக்கு நல்லா கதை விடுறாரு. ஆனா வீட்டுக்கெல்லாம் போய்ச் சண்டை போட வேணாம். விடுங்க லா.”

அப்படின்னா நீ வந்து அத்தாவைக் கூட்டிப்போ என்றாள். அவனுக்கு மீட்டிங். கம்பெனி கார் கொடுத்ததிலிருந்து எந்த நாளும் மீட்டிங்தான். லைசென்ஸ் எடுத்த முதல் மாசமே விதியை மீறி நாலு தண்டனைப் பாயிண்ட் வாங்கினான். இன்னும் ஒன்பது வந்தால் புது டிரைவர் லைசென்ஸே போய்விடும் என்று எல்லாரும் பயந்தார்கள். அதற்கப்புறம் ஒரு பாயிண்ட்கூட வாங்கவில்லை. பிள்ளை திருந்திவிட்டான் என்று பரீதாவுக்கு ஒரே பெருமை.

கேட் திறந்தது. ரகுபதி இல்லை. அவன் மனைவி சந்திரமதி.

“நல்லா கத்துங்கக்கா. நான் கத்தி ஓய்ஞ்சாச்சு.”

அழவில்லை. அழுது முடித்த முகம். ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஒரு கவரை எடுத்துப் பரீதாவின் கையில் திணித்தாள்.

எக்ஸ்பயரும் இல்லை, ஒன்றும் இல்லை. போக்குவரத்து போலீஸ் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறது. ரகுபதிக்குப் போன வருஷமே பன்னிரண்டு பாயிண்ட் இருந்தது. இப்போது சிவப்பு விளக்கில் போனதற்கு இன்னொரு பன்னிரண்டு. இருபத்துநாலு ஆனதும் மூணு மாசம் வண்டியைத் தொடக் கூடாது. மூணு மாசம் காய்கறிக்காக எந்தக் கடை காத்திருக்கும்? வேறு ஆள் வந்துவிட்டான். போன வாரம் வேனையும் விற்றாயிற்று. ரகுபதி இப்போது யாரோ ஒருத்தன் லாரியில் மூட்டை ஏற்றுகிறான்.

“எங்க சிவப்புல போனாரு தெரியுமாக்கா? பொங்கோல்ல. காய்கறிக்காரனுக்குப் பொங்கோல்ல என்ன வேலைன்னு கேட்டேன். வாயே திறக்கல.” சந்திரமதி குரலைத் தாழ்த்தினாள். “அங்க இன்னொருத்தி இருக்காளான்னுகூடக் கேட்டுட்டேன். அதுக்கும் பேசாம நிக்கிறாரு.”

பரீதா கடிதத்தைப் பார்த்தாள். ஆங்கிலம் தடவித் தடவித்தான் வரும். தேதி புரிந்தது. ஆகஸ்ட் பதினாறு, சனிக்கிழமை. மாலை மூன்று ஐம்பத்திரண்டு.

பொங்கோல் வீட்டில் அன்று நாலு மணிக்கு துஆ ஓத ஹஜ்ரத் வருவதாக இருந்தது. வேனின் முன் சீட்டில், மடியில் பால் குண்டானோடு உட்கார்ந்திருந்தது பரீதாதான். “நிக்காம போடா, அவர் வந்து வாசல்ல நிக்கப் போறாரு” என்று அன்வரை விரட்டியதும் அவள்தான்.

சிக்னலைத் தாண்டும்போது பளிச்சென்று வெள்ளையாக ஒரு வெளிச்சம் அடித்தது. மழை வரப்போகுதோ என்று அவள் கேட்டாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

“மின்னல்தான்மா” என்றான் அன்வர்.

“அக்கா? ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? உக்காருங்க.”

பரீதா உட்காரவில்லை. கவருக்குள் இன்னொரு தாள் மடித்து இருந்தது. இது என்ன என்பதுபோலத் தூக்கிக் காட்டினாள்.

“அதுதான் முதல்ல வந்துச்சு. ஏதோ நிரப்பி அனுப்பச் சொன்னாங்களாம். பதினாலு நாள் டைம். இந்த மனுசன் அதைக்கூடச் செய்யல. வண்டிச் சொந்தக்காரர் பேசாம இருந்தா அவர்தான் ஓட்டினாருன்னு எடுத்துக்குவாங்களாம். எடுத்துக்கிட்டாங்க.”

பரீதா தாளைப் பிரித்தாள்.

அந்த நேரத்தில் வேனை ஓட்டியது யார், பெயரை எழுது என்று கேட்டிருந்தார்கள். கீழே ஒரு கட்டம். அதில் பென்சிலால் ஒரே ஒரு எழுத்து, A. அதையும் ரப்பரால் தேய்த்திருந்தான்.

அதற்கு மேல் ரகுபதி எழுதவில்லை.