தொடக் கூடாத ஆயில்

“அவருக்குத் தெரியவே கூடாது தம்பி. சாப்பிட்டுட்டுத் தூங்குறாரு. முழிக்கிறதுக்குள்ள ஸ்பார்க் பிளக்கையும் கியர் ஆயிலையும் மாத்திக் குடுத்துடுங்க.”

சின்ன லாரியைப் பட்டறைக்குள் எப்படியோ கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிய டிரைவர் மனைவிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வண்டிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். சாவிக்கொத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவள் கணவரை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிட்டு, அந்த வீட்டில் உரிமையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். இன்றைக்கு என்னவோ அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைச் சொறிந்தான்.

“நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க அண்ணி?”

“இதுல என்ன பெரிய வித்தை? கியர் தானா மாறுற வண்டிதானே. மிதிச்சேன், வந்துடுச்சு. எதிர்ல வந்தவன் எல்லாம் திட்டிட்டுப் போனான், அதை விடுங்க. பிளக், ஆயில் எல்லாம் புதுசா வாங்கிட்டே வந்துட்டேன்.”

சீட்டிலிருந்து பையை எடுத்து அவன் கையில் திணித்தாள். புருஷனுடைய வண்டிமேல் ஒருத்திக்கு இவ்வளவு அக்கறையா என்று பார்க்கிறவர்கள் மெச்சித்தான் போவார்கள். அந்த வண்டியோ, மீட்டரே ஓடி அலுத்து நின்றுபோன வண்டி.

“அண்ணி, அன்னைக்கு உங்க வீட்டுல சாப்பிடறப்ப நான் என்ன சொன்னேன்?”

“மறக்கலையே. ‘பழைய பிளக்கைக் கழட்டினா உள்ளேயே ஒடிஞ்சிடும். வருஷக்கணக்கா மாத்தாத கியர் ஆயில் தார் மாதிரி கருத்துக் கிடக்கும், அந்த அழுக்குதான் கியர் பாக்ஸைப் பிடிச்சு வெச்சிருக்கும். இனிமே அதைத் தொட்டா வண்டி படுத்துடும்’னு சொன்னீங்க. நானும் கேட்டேன், அவரும் கேட்டாரு.”

“தெரிஞ்சுமா மாத்தச் சொல்றீங்க?”

“தெரிஞ்சுதான் சொல்றேன்.”

மெக்கானிக் வண்டியின் முன்பக்கம் போனான். பானெட்டைத் தூக்கி நிறுத்தி, கியர் ஆயில் பார்க்கிற கம்பியை உருவித் துணியில் துடைத்தான். துணியில் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

“ஐயையோ, கையை வெட்டிக்கிட்டீங்களா?”

“ஒண்ணுமில்ல அண்ணி.” துணியைச் சுருட்டி அவசரமாகப் பாக்கெட்டில் செருகிக்கொண்டான்.

அவளுக்கு அதை விசாரிக்கப் பொறுமை இல்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டியின் இடது பக்கம் போனாள். முன்னாலிருந்து பின்னால் வரை கீறலும் நெளிசலும்தான். கண்ணாடியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது.

“பாத்தீங்களா? அவருக்கு இடது கண்ணு தெரியலை தம்பி. டம்ளர்ல ஊத்துற தண்ணி பாதி மேஜை மேல ஓடுது. போன வாரம் பள்ளிக்கூடத்து வாசல்ல ஒரு குழந்தையோட பையை வண்டி உரசிடுச்சு. பையோட போச்சு. பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு உயிரே போயிடுச்சு. அந்த மனுஷன் விசிலடிச்சுக்கிட்டே ஓட்டுறாரு!”

“அண்ணன்கிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லாமலா? கண்ணாஸ்பத்திரின்னு வாயைத் திறந்தேன். ‘இந்த வண்டி ஓடுற வரைக்கும் நானும் ஓடுவேன்’னு சொல்லிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. ரெண்டு நாள் பேச்சே இல்ல. இத்தனை வருஷம் உழைச்ச மனுஷன்கிட்ட, உன்னால முடியலைன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? வண்டி சொல்லட்டும். அது நின்னாத்தான் அவரும் நிப்பாரு.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. தெருவில் ஒரு ஹார்ன் சத்தம் கேட்டதும் அழுகையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். யாரோ, எவனோ. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“சீக்கிரம் தம்பி. எழுந்தா முதல்ல சாவியைத்தான் தேடுவாரு.”

மெக்கானிக் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பையைத் திரும்ப அவள் கையிலேயே வைத்தான்.

“மாத்தினா வண்டி நின்னுடும்னு சொன்னேன் பாருங்க, என் வாயிலயே போட்டுக்கணும். இது நிக்காது அண்ணி. இப்பதான் முன்னைவிட நல்லா இழுக்குது.”

“அதெப்படி? மாத்திப் பாக்காம நீங்களா சொல்லுவீங்களா?”

“மாத்திப் பாத்தாச்சு.” பாக்கெட்டிலிருந்த துணியை எடுத்துப் பிரித்துக் காட்டினான். “இது ரத்தம் இல்ல, புது ஆயில். பிளக்கும் புதுசுதான்.”

சாவிக்கொத்து சுற்றுவதை நிறுத்தியது. “யாரைக் கேட்டு மாத்துனீங்க?”

மெக்கானிக் துணியை மறுபடி சுருட்டினான்.

“போன மாசம் அண்ணன்தான் வந்து அழுதாரு, ‘வண்டியை எப்படியாவது நிறுத்திக் குடுடா, என்னால முடியலைன்னு அவகிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்’னு.”