மார்ச்சுக்குள் ஒரு சமாதானம்

ஒரே வெட்டுதான். தலை தனியாகப் போய் விழுந்தது. பீச்சியடித்த ரத்தம் வேல்பாண்டியின் வெள்ளைச் சட்டையை நனைத்தது.

"நல்ல சகுனம் அண்ணாச்சி! கிடா ஒரே வெட்டுல போயிருச்சு. கருப்பன் ஏத்துக்கிட்டான்!" என்றான் பக்கத்தில் நின்ற சந்தனம்.

இந்தச் சந்தனமும் வேல்பாண்டியும் நேற்றுவரை ஒருத்தன் தலையை ஒருத்தன் எடுக்க அலைந்தவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கும்பலுக்குச் சந்தனம் தலைவன், இராஜபாளையம் கும்பலுக்கு வேல்பாண்டி. கடைசியாக விழுந்தது சந்தனத்தின் வலதுகையான இருளப்பசாமி. மில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் கழுத்தில் இறங்கிய வெட்டில், கிளாஸைப் பிடித்திருந்த விரலும் சேர்ந்து போனது.

வெட்டிய இரண்டு பேரும் கோர்ட்டில் சரணடைந்துவிட்டார்கள். வெட்டச் சொன்ன வேல்பாண்டி, சந்தனத்தின் ஆட்களுக்குப் பயந்து இரண்டு மாதமாகவே வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. தோப்புத் தோப்பாக ஒளிந்து, தலைமாட்டில் அருவாளோடு படுத்தான். பெண் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகிறது, அதன் முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அரசாங்க நிதி வந்து சேர்ந்தது. கும்பல் மோதலைத் தடுக்க இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு திட்டம். நடத்த வந்த சிவரஞ்சனி லேசுப்பட்ட ஆள் இல்லை. பத்தே நாளில் செருப்புத் தேய நடந்து, இரண்டு பக்கத்துப் பையன்களுக்கும் வேலை போட்டுக் கொடுத்து, சமாதானத்துக்குத் தலையாட்ட வைத்துவிட்டாள். திட்டத்து வேனை ஓட்டுகிறவனுக்கும் அப்படிக் கிடைத்த வேலைதான்.

"இருளப்பன் கருமாதி கழியட்டுமே மேடம்" என்று சந்தனம் இழுத்துப் பார்த்தான்.

"மார்ச் முடியப்போகுது அண்ணாச்சி. அதுக்குள்ள செலவு பண்ணலைன்னா ஃபண்டு திரும்பிப் போயிரும். பொறவு உங்க பயலுவ வேலையும் போயிரும்" என்றாள் சிவரஞ்சனி.

சரி, கையெழுத்துப் போட்டால் எவன் நம்புவான்? வன்னியம்பட்டிப் பக்கம் கருப்பசாமி கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்வதென்று முடிவானது. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டு எதிராளி மேல் அருவாள் ஓங்கினால், ஓங்கியவன் வம்சமே விளங்காது. போலீசுக்குப் பயப்படாதவனும் கருப்பனுக்குப் பயப்படுவான்.

எல்லாரும் அருவாளைச் சாக்கில் போட்டு வேனில் ஏற்றினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வரிசையாக நின்று சூடம் அடித்தார்கள். வேன் டிரைவர் மட்டும் மதிலுக்கு வெளியே செருப்புக்குக் காவலாக நின்றான்.

பந்தி முடிந்ததும் வேல்பாண்டிக்குக் கால் நிற்கவில்லை. "ஏலே, நீங்க இருந்து மெதுவா வாங்க. நான் எம்பிள்ளையப் பாக்கப் போறேன்" என்று காவலுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு வேனில் ஏறினான். அருவாள் மூட்டையை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போகிற வேன், வழியில் அவனை வீட்டில் இறக்கிவிடும்.

டிரைவர் முகத்தில் தாடி மண்டியிருந்தது. வேல்பாண்டி கறிச்சோற்றுப் பொட்டலத்தை நீட்டினான். "நீ பந்திக்கே வரலையேலே. இந்தா, ஈரலா அள்ளி வச்சிருக்கேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. நான் கறி திங்கக் கூடாது."

"ஓ, பங்குனி விரதமா? நல்லாயிரு!"

வேல்பாண்டி பொண்டாட்டிக்குப் போன் போட்டான். "ஏட்டி, வாரேன். பிள்ளைய எழுப்பி வை. இனிமே ஒரு பயமும் இல்ல. அந்த இருளப்பன் ஒத்தப்பிள்ள, அப்பனும் செத்துட்டான், கேக்க நாதி கிடையாது. மத்தவன் அம்புட்டுப் பேரும் சூடம் அடிச்சாச்சு."

வேன் மெயின் ரோட்டை விட்டு மாந்தோப்புக்குள் திரும்பி நின்றது.

"ஏலே, இது என்ன வழி?"

டிரைவர் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து சாக்கை அவிழ்த்தான். திரும்பி வந்தவன் கையில் இருந்தது வேல்பாண்டியின் அருவாளேதான்.

முதல் வெட்டு தோளில் இறங்கியது. வேல்பாண்டி அலறிக்கொண்டு கீழே உருண்டான். தடுக்கத் தூக்கிய கை அடுத்த வெட்டில் மணிக்கட்டோடு தொங்கியது. மண்ணில் கிடந்த போனில், "என்னங்க... என்னங்க..." என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏலே, வேண்டாம்லே! கருப்பன் சத்தியம்லே! சூடம் அடிச்சுட்டு வெட்டுனா உன் வம்சமே விளங்காதுலே!"

அருவாள் மறுபடி உயர்ந்தது.

"இருளப்பன் எங்க பெரியப்பா மவன் அண்ணாச்சி. தீட்டுன்னு என்னையக் கோயிலுக்குள்ளயே விடலையே!"